உலகை ஒரே தபால் ஊராக்கிய தையற்காரர் மகன்

பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி, அடி அண்ணாமலை



அண்ணாமலையை வலம் வரும் அன்பர்கள் அனைவரும் அறிந்த ஊர் எங்கள் அடி அண்ணாமலை. பெரிய கோயில் மலையின் கிழக்கு அடிவாரத்தில் இருக்கிறது. எங்கள் ஊரோ மலைக்குப் பின்புறம், பதினான்கு கிலோமீட்டர் நீளமுள்ள கிரிவலப் பாதையில் பாதி நடந்து களைத்தவர்கள் உட்கார்ந்து தண்ணீர் குடிக்கும் இடத்தில் இருக்கிறது. பௌர்ணமி தோறும் உலகமே எங்கள் வீட்டு வாசல் வழியாகப் போகிறது. ஆனால் எங்கள் வீட்டிலிருந்து ஒரு சிறிய மூட்டை உலகத்துக்குள் போக முடியாமல் திரும்பி வந்த கதையிலிருந்துதான் இக்கட்டுரை தொடங்குகிறது.

2025ஆம் ஆண்டு அமெரிக்காவிலுள்ள என் அத்தைக்குப் பெண் குழந்தை பிறந்தது. செய்தி கேட்டதும் என் ஆயா தன் டிரங்குப் பெட்டியைத் திறந்து, துவைத்துத் துவைத்துப் பூப்போல் மென்மையாகிவிட்ட ஒரு நூல் புடவையை எடுத்தார். எங்கள் வீட்டுப் பிள்ளைகள் எல்லோரும் ஏணையில் தூங்கியது அந்தப் புடவையில்தான். அதோடு, தம் கையாலேயே ஆறு சின்னஞ்சிறு சட்டைகள் தைத்தார். கண் சரியாகத் தெரியாததால் ஊசியில் நூல் கோத்துக் கொடுப்பது என் வேலை. எல்லாவற்றையும் வெள்ளைத் துணியில் வைத்துத் தைத்து, மேலே முகவரி எழுதி, ஆகஸ்டு மாதக் கடைசியில் அப்பா தபால் நிலையத்துக்கு எடுத்துச் சென்றார். போன மூட்டை அன்று மாலையே வீட்டுக்கு வந்துவிட்டது. அமெரிக்காவுக்கு இப்போது எதுவும் வாங்குவதில்லையாம்.

ஆயா கோபப்படவில்லை. அப்பாவிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். நாம் காசு கொடுக்கத் தயாராக இருக்கிறோம், வாங்கிக்கொள்ளப் பிள்ளை அங்கே காத்திருக்கிறது, நடுவில் வேண்டாம் என்று சொல்கிறவர் யார்? அப்பாவுக்குப் பதில் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. மறுநாள் எங்கள் சமூக அறிவியல் ஆசிரியையிடம் கேட்டேன். அவர் என்னை நூலகத்துக்கு அனுப்பினார். அங்கேதான் ஹென்ரிக் வான் ஸ்டீபன் என்ற பெரியவரின் வரலாற்றை முதன்முதலாகப் படித்தேன்.

இளமைப் பருவம்

ஹென்ரிக் ஸ்டீபன் 1831ஆம் ஆண்டு ஜனவரி 7ஆம் நாள், பிரஷ்ய நாட்டின் பொமரேனியா பகுதியில் ஸ்டோல்ப் என்ற சிறு நகரில் பிறந்தார். அந்நகர் இன்று போலந்து நாட்டில் உள்ளது. தந்தை ஒரு தையற்காரர். பல பிள்ளைகள் கொண்ட குடும்பம். பெரிய இடத்துச் சிபாரிசு எதுவும் அவருக்கு இல்லை. இருந்தவை கூர்மையான அறிவும் ஓயாத உழைப்புமே.

பள்ளிப் படிப்பை முடித்ததும் 1848இல், தம் பதினேழாம் வயதில், சொந்த ஊர்த் தபால் நிலையத்தில் எழுத்தராகச் சேர்ந்தார். நம்மைவிட இரண்டே வயது மூத்தவர்! பிறகு டான்சிக், கொலோன் முதலிய நகரங்களில் பணிபுரிந்தார். பகலில் தபால் வேலை, ஓய்வு நேரத்தில் மொழிப் படிப்பு. ஐரோப்பிய மொழிகள் பலவற்றை அவர் தாமாகவே கற்றுத் தேர்ந்தார். 1856இல் பெர்லின் தலைமை அலுவலகத்துக்கு அழைக்கப்பட்டார். 1859இல், இருபத்தெட்டாம் வயதில், பிரஷ்யத் தபாலின் வரலாற்றை ஒரு பெரிய நூலாக எழுதி வெளியிட்டார். கடிதங்களைக் கட்டி அனுப்பும் வேலையில் சேர்ந்தவர், அந்தக் கடிதங்கள் எந்தச் சட்டத்தால் ஓடுகின்றன, எதனால் தடைப்படுகின்றன என்று ஆராயத் தொடங்கிவிட்டார்.

அந்நாளையத் தபால்

இன்று ஒரு நாட்டில் தபால்தலை ஒட்டினால் போதும், கடிதம் எத்தனை நாடுகளைக் கடந்தாலும் உரியவர் கைக்குப் போய்ச் சேரும் என்பது நமக்கு மழை பெய்வது போல இயல்பான செய்தி. அன்று அப்படி இல்லை.

கடிதம் அனுப்ப விரும்பும் ஒவ்வொரு நாடும் மற்ற ஒவ்வொரு நாட்டோடும் தனித்தனியாக உடன்படிக்கை செய்துகொள்ள வேண்டும். ஒரு நாட்டில் எடைக்கு ஒரு அளவு, அடுத்த நாட்டில் வேறொரு அளவு. நாணயமும் வேறு. வழியிலுள்ள நாடுகள் ஒவ்வொன்றும் தன் பங்கைக் கேட்கும். எந்த வழியாகப் போகிறது என்பதைப் பொறுத்து ஒரே ஊருக்கு ஒரே எடைக் கடிதத்துக்குப் பல விலைகள் இருந்தன. அனுப்புகிறவர் பாதி வழிக்குப் பணம் கட்டுவதும், மீதியைப் பெறுகிறவர் தலையில் சுமத்துவதும் உண்டு. கட்டணத்தைக் கணக்கிட்டுப் பங்கு பிரிப்பதற்கே எழுத்தர்கள் பெரும் பேரேடுகளை வைத்துக்கொண்டு திண்டாடினார்கள்.

ஒரு நாட்டுக்குள்ளேயே இத்துன்பத்தைத் தீர்க்க வழி காட்டியவர் இங்கிலாந்தின் ரோலண்டு ஹில். அவருடைய திட்டப்படி 1840இல் அங்கே தூரம் பாராமல் ஒரே கட்டணமும், முன்பணத்தின் அடையாளமாகத் தபால்தலையும் வந்தன. இந்தியாவில் 1854இல் அதே முறை வந்து, நாடெங்கும் கடிதத்துக்கு அரையணா ஆயிற்று. ஆனால் நாட்டின் எல்லையைத் தாண்டியதும் பழைய குழப்பம் அப்படியே இருந்தது. ரோலண்டு ஹில் ஒரு நாட்டுக்குச் செய்ததை உலகம் முழுவதற்கும் செய்ய வேண்டும் என்பதே ஸ்டீபனின் கனவு.

1863இல் அமெரிக்காவின் தபால் துறைத் தலைவர் மாண்ட்கோமரி பிளேயரின் முயற்சியால் பாரிஸ் நகரில் பதினைந்து நாடுகள் கூடி இதுபற்றிப் பேசின. நல்ல கொள்கைகளை வகுத்தன. ஆனால் எல்லோரையும் கட்டுப்படுத்தும் ஒரே உடன்படிக்கையாக அவை உருவாகவில்லை.

வீட்டைச் சீர் செய்தல்

உலகத்தைச் சீர்திருத்தும் முன் ஸ்டீபன் தம் வீட்டைச் சீர்திருத்த வேண்டியிருந்தது. அன்றைய ஜெர்மனி பல அரசுகளாகப் பிரிந்து கிடந்தது. தபாலும் அப்படியே. அதில் பெரும் பகுதி தூர்ன் உண்ட் டாக்ஸிஸ் என்ற பிரபுக் குடும்பத்தின் கையில் இருந்தது. ஏறக்குறைய முந்நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தபால் ஓட்டிப் பொருள் சேர்த்த குடும்பம் அது. ஸ்டீபன் அவர்களோடு பேசி, முப்பது லட்சம் தாலர் ஈட்டுத்தொகைக்கு அந்த உரிமையைப் பிரஷ்ய அரசு பெறும்படி செய்தார். 1867 ஜூலை முதல் நாள் அது நடைமுறைக்கு வந்தது. தையற்காரர் மகன் இளவரசர் குடும்பத்தின் தனிச் சொத்தாயிருந்த தபாலைப் பொதுச் சொத்தாக்கினார். அதையும் வாளால் அல்ல, பேச்சால் முடித்தார்.

அஞ்சலட்டை பிறந்த கதை

நம் பாட்டிமார்கள் நன்கறிந்த கார்டின் பிறப்பிலும் ஸ்டீபனுக்குப் பங்கு உண்டு. 1865இல் கார்ல்ஸ்ரூ நகரில் நடந்த தபால் மாநாட்டில், உறையில்லாத ஒரு தடித்த தாளில் செய்தியை எழுதி அப்படியே அனுப்பலாம் என்று அவர் யோசனை கூறினார். ஏழைகளுக்கும் அவசரக்காரர்களுக்கும் அது உதவும் என்பது அவர் எண்ணம். அன்று அது ஏற்கப்படவில்லை. ஊரார் கண் படும்படி செய்தி எழுதுவது முறையா என்ற தயக்கமும், வருமானம் குறையும் என்ற அச்சமும் தடையாக நின்றன. நான்கு ஆண்டுகளுக்குப் பின், எமானுவேல் ஹெர்மன் என்ற பேராசிரியரின் யோசனையை ஏற்று, ஆஸ்திரியா 1869 அக்டோபர் முதல் நாள் உலகின் முதல் அஞ்சலட்டையை வெளியிட்டது. 1870இல் வட ஜெர்மன் கூட்டாட்சியின் தபால் துறைத் தலைவரான ஸ்டீபன் பதவியேற்ற சில மாதங்களுக்குள்ளேயே அஞ்சலட்டையை அங்கும் கொண்டுவந்துவிட்டார். பெர்லினில் விற்பனைக்கு வந்த முதல் நாளிலேயே ஏறத்தாழ 45,000 அட்டைகள் விற்றுப்போயின. அதே ஆண்டு பிரான்சோடு போர் மூண்டபோது, களத்திலிருந்த வீரர்கள் தாய்க்கும் மனைவிக்கும் தாம் உயிரோடிருக்கும் செய்தியை அந்த அட்டைகளில்தான் எழுதினார்கள்.

இந்தியாவுக்கு அஞ்சலட்டை 1879 ஜூலை முதல் நாள் வந்தது. உள்நாட்டுக்குக் காலணா, வெளிநாட்டுக்கு ஒன்றரையணா.

பெர்ன் நகரில் கூடிய நாடுகள்

1868இல் ஸ்டீபன் எல்லா நாகரிக நாடுகளும் சேர்ந்த ஒரு தபால் ஒன்றியத்துக்கான திட்டத்தை எழுதினார். ஆனால் 1870இல் வந்த போர் அதை மேசை இழுப்பறையில் பூட்டி வைத்துவிட்டது. இதற்கிடையே, 1869இல் சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டபோது அவர் எகிப்துக்கு நேரில் சென்றார். இந்தியக் கடிதங்களின் பாதையைச் சுருக்கிய அந்தக் கால்வாயைக் கண்ணால் கண்டு வந்து, எகிப்து நாட்டைப் பற்றி ஒரு நூலும் எழுதினார். கப்பலும் ரயிலும் உலகைச் சுருக்கிவிட்டன. சட்டம் மட்டுமே இன்னும் நீண்டு கிடக்கிறது என்பது அவருக்கு விளங்கியது.

போர் முடிந்தது. வென்ற நாடு அழைத்தால் தோற்ற நாடு வருமா? ஆகவே எவர் பக்கமும் சேராத சுவிட்சர்லாந்து நாட்டின் அரசு எல்லோருக்கும் அழைப்பு அனுப்பியது. 1874 செப்டம்பர் 15ஆம் நாள் பெர்ன் நகரில் இருபத்திரண்டு நாடுகளின் பிரதிநிதிகள் கூடினர். சுவிட்சர்லாந்தின் யூஜீன் போரல் தலைமை வகித்தார். ஸ்டீபனின் திட்டம் விவாதத்துக்கு அடிப்படையாயிற்று. ஒரு மாதம்கூட ஆகவில்லை, அக்டோபர் 9ஆம் நாள் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. பிரான்சு மட்டும் தன் வருமானத்தை எண்ணித் தயங்கியது. அதுவும் 1876 ஜனவரி முதல் நாள் சேர்ந்துகொண்டது. சில ஆண்டுகளுக்கு முன் ஒருவரையொருவர் சுட்டுக்கொண்ட இரு நாடுகள் ஒருவர் கடிதத்தை மற்றவர் சுமக்க ஒப்புக்கொண்டன என்றால் அது சாதாரணச் செயலா?

உடன்படிக்கை சொன்னது என்ன?

தோழியரே, பெரிய சட்டம் என்று பயப்பட வேண்டாம். அதன் சாரத்தை நான்கே செய்திகளில் அடக்கிவிடலாம்.

முதலாவது, சேர்ந்த நாடுகள் அனைத்தும் கடிதத்தைப் பொறுத்தவரை ஒரே நிலப்பரப்பு. அரசியல் எல்லை மனிதருக்கு இருக்கலாம், கடிதத்துக்கு இல்லை.

இரண்டாவது, 15 கிராம் எடையுள்ள கடிதத்துக்குப் பொதுக் கட்டணம் 25 சாந்தீம், அதாவது கால் பிராங்கு. தொடக்கத்தில் ஒவ்வொரு நாடும் இதைச் சற்றே கூட்டவோ குறைக்கவோ இடம் தரப்பட்டது.

மூன்றாவது, வசூலிக்கும் பணத்தை அனுப்பும் நாடே முழுவதும் வைத்துக்கொள்ளலாம். பெறும் நாடு கூலி கேட்கக் கூடாது. ஏன்? ஒரு கடிதம் போனால் பெரும்பாலும் ஒரு பதில் வரும். இன்று உன் கடிதத்தை நான் சுமக்கிறேன், நாளை என் கடிதத்தை நீ சுமப்பாய், கணக்கு நேராகிவிடும். பேரேடுகளில் மூழ்கிக் கிடந்த எழுத்தர்களுக்கு விடுதலை தந்த விதி இது.

நான்காவது, வழியிலுள்ள நாடு பிறர் கடிதத்தைத் தடுக்கக் கூடாது. எடைக்கேற்ப ஒரு சிறு வழிக்கூலி மட்டும் பெறலாம்.

இவற்றைக் கண்காணிக்க பெர்ன் நகரில் ஒரு பன்னாட்டு அலுவலகம் ஏற்பட்டது. நாடுகளுக்குள் வழக்கு வந்தால் நடுவர் வைத்துத் தீர்க்கவும், காலத்துக்குக் காலம் மாநாடு கூட்டி விதிகளைத் திருத்தவும் ஏற்பாடு செய்யப்பட்டது. திருத்த இடம் வைத்ததே இந்த உடன்படிக்கையின் பேரறிவு என்று எனக்குத் தோன்றுகிறது. 1875 ஜூலை முதல் நாள் இது நடைமுறைக்கு வந்தது. 1878இல் பாரிஸ் மாநாட்டில் உலகத் தபால் ஒன்றியம் என்ற பெயர் பெற்றது.

நம் நாடும் நம் மக்களும்

1876 ஜூலை முதல் நாள் பிரிட்டிஷ் இந்தியா ஒன்றியத்தில் சேர்ந்தது. பிரெஞ்சு ஆட்சியிலிருந்த பகுதிகளும் அந்நாளில் சேர்ந்தன. ஆகவே சென்னையும் நமக்கு அருகிலுள்ள புதுச்சேரியும் ஒரே நாளில் உலகத் தபால் ஊரின் தெருக்களாயின எனலாம். அடுத்த ஆண்டு இலங்கையும், பினாங்கு, சிங்கப்பூர் அடங்கிய பகுதியும் சேர்ந்தன. தேயிலைத் தோட்டத்துக்கும் ரப்பர் தோட்டத்துக்கும் பிழைக்கப் போன நம் தமிழ் மக்களை நினைத்துப் பாருங்கள். கப்பலேறிப் போனவர் உயிரோடிருக்கிறாரா என்று இங்கே தெரிவது ஒரு கடிதத்தால்தானே? எழுதத் தெரியாதவர் கங்காணியிடமோ கடைக்காரரிடமோ சொல்லி எழுதுவித்த கடிதமும் இந்த உடன்படிக்கையின் முதுகில் ஏறித்தான் வந்தது.

எங்கள் மலைக்கும் அப்படிக் கடிதங்கள் வந்தன. ரமண மகரிஷியைப் பற்றிப் பால் பிரண்டன் எழுதிய நூல் 1934இல் வெளியான பிறகு, கடல் கடந்த நாடுகளிலும் அவர் பெயர் பரவியது. முன்பின் பார்த்திராதவர்கள் தங்கள் நாட்டுத் தபால்தலையை ஒட்டி எழுதிய கடிதங்கள் மலையடிவாரத்து ஆசிரமத்துக்கு வந்து சேர்ந்தன.

ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. அடிமை நாட்டுக்கு ஒன்றியத்தில் இடம் இருந்தாலும் அதன் சார்பில் பேசியவர்கள் ஆங்கிலேயரே. 1947க்குப் பிறகுதான் இந்தியா தன் குரலில் பேசியது. 1969இல் டோக்கியோ மாநாட்டில், பெர்ன் உடன்படிக்கை பிறந்த அக்டோபர் 9ஆம் நாளை உலகத் தபால் தினமாகக் கொண்டாட வேண்டும் என்ற யோசனையை முன்வைத்தவர் இந்தியப் பிரதிநிதி ஆனந்த் மோகன் நரூலா என்பது நாம் பெருமைப்படத்தக்க செய்தி.

பிற பணிகளும் இறுதி நாட்களும்

ஸ்டீபன் தபாலோடு நின்றுவிடவில்லை. அமெரிக்காவில் கிரகாம் பெல் கண்டுபிடித்த கருவியைப் பற்றிக் கேள்விப்பட்டதும், 1877 அக்டோபரில் பெர்லினில் அதைச் சோதித்துப் பார்த்து ஜெர்மனியில் அறிமுகப்படுத்தினார். அதற்கு அயல்மொழிப் பெயர் வேண்டாம் என்று, தொலைவில் பேசுவது என்று பொருள்படும் சொல்லைத் தம் தாய்மொழியிலேயே வழங்கச் செய்தார். நாம் தொலைபேசி என்று சொல்கிறோமே, அதே போல! தபால் துறையில் புழங்கிய பிரெஞ்சுச் சொற்கள் பல நூற்றுக்கு ஈடான ஜெர்மன் சொற்களை அவர் ஏற்படுத்தினார். பெர்லினில் தபால் அருங்காட்சியகம் ஒன்றையும் நிறுவினார். 1885இல் அரசு அவருக்குப் பிரபுப் பட்டம் அளித்தது. அன்றுமுதல் அவர் பெயரில் வான் என்ற அடைமொழி சேர்ந்தது.

குறையே இல்லாத மனிதர் என்று எழுதினால் அது உண்மையாகாது. நாடுகளை ஒன்றுசேர்க்கப் பாடுபட்ட அவர், தமக்குக் கீழே வேலை செய்த ஊழியர்கள் சங்கமாக ஒன்றுசேர்வதை விரும்பவில்லை, கண்டிப்போடு தடுத்தார். பெரியோர் வாழ்வில் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியவையும் உண்டு, விட்டுவிட வேண்டியவையும் உண்டு.

1897 ஏப்ரல் 8ஆம் நாள் பெர்லினில் அவர் காலமானார். அவர் மறைந்து ஒரு மாதம் ஆவதற்குள் அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் ஒன்றியத்தின் மாநாடு கூடியது. தலைவன் மறைந்தாலும் வேலை நிற்கவில்லை. ஓர் அமைப்பை நன்றாக அமைத்தவருக்கு இதைவிட வேறு அஞ்சலி வேண்டுமா?

அவருக்குப் பின்

ஸ்டீபன் வைத்த கட்டடம் இரண்டு உலகப் போர்களைத் தாங்கி நின்றது. போர்க் கைதிகளின் கடிதங்களுக்கும் பார்வையற்றோர் தடவிப் படிக்கும் நூல்களுக்கும் கட்டணம் வேண்டாம் என்ற விதிகள் அதில் சேர்ந்தன. 1948 முதல் அது ஐக்கிய நாடுகள் சபையின் சிறப்பு அமைப்புகளுள் ஒன்று. இன்று 192 நாடுகள் உறுப்பினர். பெரிய நாடானாலும் சிறிய தீவானாலும் ஒரு நாட்டுக்கு ஒரே வாக்கு.

ஆயினும் அவருடைய கணக்கு ஒன்று நாளடைவில் பொய்த்தது. போன கடிதத்துக்குப் பதில் வரும் என்பது உண்மைதான். ஆனால் போகும் பொட்டலத்துக்குப் பதில் பொட்டலம் வருவதில்லையே! சில நாடுகள் நிறைய அனுப்பின, சில நாடுகள் நிறையப் பெற்றன. பெறும் நாடே தன் தபால்காரரை வைத்து வீடு வீடாகக் கொடுக்க வேண்டியிருந்தது. ஆகவே 1969இல் டோக்கியோ மாநாட்டில், அதிகம் அனுப்பும் நாடு பெறும் நாட்டுக்கு ஈடு தர வேண்டும் என்ற விதி சேர்க்கப்பட்டது. ஏழை நாடுகளுக்கு அதில் சலுகை உண்டு. பிற்காலத்தில் கணினி வழி வணிகம் பெருகி, சீனாவிலிருந்து சிறு பொட்டலங்கள் வெள்ளம்போல் போகத் தொடங்கியதும், அந்தச் சலுகை தனக்கு நட்டம் விளைவிக்கிறது என்று அமெரிக்கா குறைகூறியது. 2018 அக்டோபரில் ஒன்றியத்தை விட்டே விலகப்போவதாக அறிவிப்புக் கொடுத்தது. 1863இல் எல்லோரையும் பாரிஸுக்குக் கூட்டிய நாடு அது! 2019 செப்டம்பரில் ஜெனீவாவில் சிறப்பு மாநாடு கூடிப் பேசி, நாடுகள் தங்கள் கட்டணத்தைப் படிப்படியாகத் தாமே அறிவித்துக்கொள்ள வழிசெய்தது. அமெரிக்கா விலகவில்லை. ஸ்டீபன் விட்டுச்சென்ற மாநாட்டு முறைதான் அன்றும் காப்பாற்றியது.

இப்போது ஆயாவின் கேள்விக்கு வருகிறேன். 2025 ஆகஸ்டில், குறைந்த விலைப் பொருள்களுக்கு இருந்த சுங்க விலக்கை அமெரிக்கா நீக்கியது. சுங்கத்தை யார் வசூலிப்பது, எப்படிக் கட்டுவது என்ற ஏற்பாடு தெளிவாகும் முன்பே விதி நடைமுறைக்கு வந்துவிட்டது. அதனால் 88 தபால் துறைகள் அமெரிக்காவுக்கான தபாலை முழுவதுமாகவோ ஒரு பகுதியோ நிறுத்திவைத்தன. இந்தியாவும் அவற்றுள் ஒன்று. ஆக, வேண்டாம் என்று சொன்னவர் தபால் நிலையத்தில் உட்கார்ந்திருந்தவர் அல்லர். நாடுகளுக்கு இடையே ஒரு பேச்சு அறுந்தது. அறுந்த இடத்தில் எங்கள் மூட்டையும் நின்றது.

பெர்ன் நகரின் பன்னாட்டு அலுவலகம் சுங்கத்தை முன்னதாகவே கணக்கிட்டுச் செலுத்தும் ஏற்பாட்டை வகுத்தது. நம் நாட்டிலிருந்து அமெரிக்காவுக்குத் தபால் அக்டோபர் 15 முதல் மீண்டும் தொடங்கியது. ஆறு நாட்களுக்கு முன்புதான் உலகத் தபால் தினம் கடந்திருந்தது.

முடிவுரை

ஆயாவின் மூட்டை ஒருவழியாக நவம்பரில் புறப்பட்டுப் போய்ச் சேர்ந்தது. அதற்குள் குழந்தை வளர்ந்துவிட்டாள். ஆறு சட்டைகளில் ஒன்றுகூடப் போட முடியவில்லை. அதை அத்தை தொலைபேசியில் தயங்கித் தயங்கிச் சொன்னபோது எனக்கு அழுகை வந்தது. ஆயா மட்டும், புடவைக்கு வயசு இல்லை, அது ஆகும் என்று சொல்லிவிட்டார். அப்படியே ஆயிற்று. எங்கள் வீட்டுப் புடவையின் மேல் அவள் தூங்கும் படத்தை அத்தை அனுப்பியிருந்தார்.

பெர்ன் நகரில் உலகத் தபால் ஒன்றியத்துக்கு 1909இல் திறக்கப்பட்ட ஒரு நினைவுச் சின்னம் உண்டு. ஐந்து கண்டங்களைக் குறிக்கும் ஐந்து பெண்கள் பூவுலகைச் சுற்றி மிதந்தவாறு, ஒருத்தி கையிலிருந்து மற்றொருத்தி கைக்குக் கடிதத்தை மாற்றிக் கொடுக்கிறார்கள். அதன் படத்தை ஆயாவிடம் காட்டினேன். வெகுநேரம் பார்த்துவிட்டு, இவர்களும் வலம்தான் வருகிறார்கள் என்றார். வலம் வரும் வழியில் ஒருத்தி கையை இழுத்துக்கொண்டாலும் கடிதம் கீழே விழும் என்று நான் சொன்னேன்.

தோழியரே, உலகத் தபால் மழையைப் போலத் தானாக வந்ததன்று. மனிதர்கள் கூடிப் பேசிக் கட்டியது. கட்டியதைக் காலத்துக்கேற்பத் திருத்தாவிட்டால் பழுதாகும்; பேச மறுத்தால் இடிந்துவிடும். அப்படி இடியும்போது நட்டப்படுவது அரசுகள் மட்டுமல்ல, ஊசியில் நூல் கோக்க முடியாத ஒரு கிழவியும்தான். இதைத்தான் ஸ்டீபனின் வாழ்க்கை எனக்குக் கற்றுத் தந்தது.

அவர் பெயர் ஆயாவின் வாயில் நுழையவில்லை. தையற்காரர் மகன் என்றே சொல்கிறார். இந்தப் பொங்கலுக்கு, அமெரிக்காவிலிருக்கும் என் அத்தை மகளுக்கு நான் ஒரு கடிதம் எழுதித் தபாலில் சேர்த்தேன். அதைப் படிக்க அவளுக்கு இன்னும் சில ஆண்டுகள் ஆகும். அத்தை பத்திரமாக எடுத்து வைத்திருக்கிறார். அவள் தமிழ் எழுத்துப் படித்து ஒரு பதில் போடும் நாளில் தையற்காரர் மகனின் பழைய கணக்கு எங்கள் வீட்டில் மட்டுமாவது நேராகிவிடும்.